டெல்லிக் குளிரில் காலை ஆறு மணிக்குக் கிளம்பலாமா?

கேள்வி: அரையாண்டு விடுமுறையில் அம்மாவையும் பத்து வயது மகனையும் அழைத்துக்கொண்டு முதல்முறையாக டெல்லி போகிறேன். நான்கு நாட்கள். தினமும் காலை 6 மணிக்கே கிளம்பினால் எல்லா இடமும் பார்த்துவிடலாமா? அம்மாவுக்கு வீசிங் உண்டு. ஆளுக்கொரு ஸ்வெட்டர் போதுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: சகோதரி, முதலில் அந்த 6 மணியை விட்டுவிடுங்கள். டிசம்பர் கடைசியில் டெல்லியில் சூரியன் உதிக்கவே ஏழு மணி தாண்டிவிடும். மூடுபனி இறங்கிய நாளில் பத்து மணி வரைகூட எதிரே வரும் ஆட்டோ கண்ணுக்குத் தெரியாது. சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை மாதிரி திறந்தவெளி இடங்களைப் பதினொன்றிலிருந்து நான்கு மணிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஹுமாயூன் கல்லறைக்குப் பக்கத்திலேயே சுந்தர் நர்சரி என்ற பெரிய பூங்கா இருக்கிறது. டெல்லிக் குடும்பங்கள் ஆரஞ்சும் வேர்க்கடலையுமாக வெயில் காய வருவார்கள். அம்மாவும் அங்கே நிம்மதியாக உட்காரலாம். செங்கோட்டை, அக்ஷர்தாம், தாமரைக் கோயில் மூன்றுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. மறந்துவிடாதீர்கள்.

அம்மா விஷயம்தான் எனக்குக் கவலை. குளிரில் காற்று அசையாமல் நிற்பதால் புகை தரையோடு தங்கிவிடும், விடிகாலையிலும் இரவிலும் அதிகம். துணி மாஸ்க் உதவாது, என்95 வேண்டும். இன்ஹேலர் பெட்டியில் அல்ல, கைப்பையில் இருக்கட்டும். கிளம்பும் முன் அவருடைய டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். அடிக்கடி இழுப்பு வருகிறவர் என்றால், பயணத்தையே பிப்ரவரி கடைசிக்குத் தள்ளிப்போடச் சொல்வேன். அப்போது மகன் பள்ளிக்கு இரண்டு நாள் லீவு போட வேண்டியிருந்தாலும் பரவாயில்லை, அம்மாவின் மூச்சு முக்கியம்.

ஸ்வெட்டர் ஒன்று போதாது. உள்ளே தெர்மல், அதன்மேல் ஸ்வெட்டர், வெளியே காற்றுப் புகாத ஜாக்கெட். மதிய வெயிலில் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொள்ளலாம். காதை மூடும் குல்லாவும் சாக்ஸும் கட்டாயம். ஜாமா மசூதியில் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கல் தரையில் நடக்கும்போது சாக்ஸின் அருமை தெரியும். ரூம் எடுக்கும்போதே ஹீட்டர், கீசர் இரண்டும் உண்டா என்று கேளுங்கள். சில இடங்களில் ஹீட்டருக்குத் தனிக் காசு. அப்புறம், தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாகிவிடும், வெந்நீரில் வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

ஒரு நாள் முற்பகலில் மெட்ரோ பிடித்து சாந்தினி சௌக் போங்கள். அங்கே 'தௌலத் கி சாட்' விற்பார்கள், குளிர்காலத்தில் மட்டும்தான். பாலைக் கடைந்து எடுத்த நுரை, மேலே குங்குமப்பூ, கோவா, பொடித்த சர்க்கரை. வாயில் வைத்ததும் கரைந்துவிடும். உங்கள் மகனுக்கு இதை வாங்கித் தராமல் திரும்பாதீர்கள்.

பனியால் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். அதனால் போய்ச் சேரும் நாளில் சுற்றிப் பார்க்க எந்த டிக்கெட்டும் முன்பதிவு செய்யாதீர்கள். விமானம் என்றால் மதிய நேரத்தில் பாருங்கள், பனியில் அதிகம் மாட்டுவது விடிகாலை விமானங்கள்தான்.