வெளிநாட்டில் படுத்துவிட்டவரை ஊருக்கு அழைத்து வருவது எப்படி? கேள்வி பதில்

வளைகுடா மருத்துவமனை ஒன்றின் ஐசியுவில் செவிலியராக இருந்தேன். இப்போது நோயாளிகளுக்குத் துணையாக விமானத்தில் வருவதுதான் வேலை. வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன். கோர்ட், வழக்கு, சம்பள பாக்கி என் துறை இல்லை.

ஜெயங்கொண்டத்திலிருந்து: சிஸ்டர், என் வீட்டுக்காரர் துபாயில் டிரைவர். இரண்டு வாரம் முன்னாடி ஸ்ட்ரோக் வந்துவிட்டது. வலது கை, கால் வரவில்லை, பேச்சும் இல்லை. மூக்குக் குழாய் வழியாகத்தான் ஆகாரம். கம்பெனியில் "டிக்கெட் போட்டுத் தருகிறோம், கூட்டிக்கொண்டு போங்கள்" என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

அம்மா, டிக்கெட் கடைசியில்தான். முதலில் அங்கே பார்க்கும் டாக்டரிடம் முழு மெடிக்கல் ரிப்போர்ட்டை ஆங்கிலத்தில் வாங்கச் சொல்லுங்கள். என்ன நோய், என்ன மருந்து, ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு, சிலிண்டர் வைத்தால் எவ்வளவு, வைக்காமல் எவ்வளவு, எல்லாம் அதில் வேண்டும். தலை ஸ்கேனை சிடியில் கேளுங்கள். இங்கே வந்த பிறகு அதைக் கேட்டு வாங்குவது பெரும்பாடு.

இரண்டாவது, இங்கே எந்த மருத்துவமனை சேர்த்துக்கொள்ளும் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனையானாலும் நேரில் போய் ரிப்போர்ட்டைக் காட்டிப் பேசிவிடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் கிடைக்கும். ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சைக்கு வரும்.

மூன்றாவது, விமான நிறுவனத்தின் மெடிஃப் (MEDIF) படிவம், அதாவது நோயாளியின் உடல்நிலையைச் சொல்லும் படிவம். ஒரு பகுதியை நீங்களோ டிராவல்ஸோ நிரப்பலாம். மற்றதை அங்குள்ள டாக்டர்தான் நிரப்ப வேண்டும். அதை விமான நிறுவனத்தின் மருத்துவப் பிரிவு பார்த்து, ஏற்றலாமா, எப்படி ஏற்றலாம் என்று முடிவு செய்யும். இரண்டு மூன்று நாளாவது பிடிக்கும்.

அவர்கள் முதலில் பார்ப்பது, விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் சீட்டை நிமிர்த்தி வைத்து அவரால் உட்கார முடியுமா என்பது. முடியுமென்றால் வீல்சேர், கூடவே ஒரு துணை. முடியாதென்றால் ஸ்ட்ரெச்சர். பின்வரிசை சீட்டுகளின் முதுகை மடக்கி, அதன் மேல் ஸ்ட்ரெச்சரைப் பூட்டி, சுற்றித் திரை போடுவார்கள். நோயாளியை முதலில் ஏற்றிக் கடைசியில் இறக்குவார்கள். மூக்குக் குழாய் இருப்பதால் நர்ஸ் இல்லாமல் அனுப்பச் சம்மதிக்காதீர்கள். ஏறுவதற்கு முன் ஆகாரத்தை எப்போது நிறுத்துவது என்று அந்த நர்ஸ் பார்த்துக்கொள்வார்.

ஒன்றை மறக்காதீர்கள். அவர் கட்டிலில் கிடக்கும்போது கம்பெனிக்காரர் தாளோடு வந்தால் கையெழுத்தோ கைநாட்டோ வேண்டாம். "ராஜினாமா செய்கிறேன், கணக்கு முடிந்தது" என்று அரபியில் இருக்கலாம். அமீரகச் சட்டப்படி சோதனைக் காலம் முடிந்தவருக்கு ஆண்டுக்கு 90 நாள் நோய் விடுப்பு உண்டு. முதல் 15 நாள் முழுச் சம்பளம், அடுத்த 30 நாள் பாதி, மிச்சம் 45 நாள் சம்பளமில்லை. அந்த விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்க முடியாது. அவசரம் கம்பெனிக்குத்தான், உங்களுக்கு இல்லை.

பட்டுக்கோட்டையிலிருந்து: ஸ்ட்ரெச்சருக்கு எவ்வளவு ஆகும்?

ஆறு முதல் ஒன்பது சீட் வரை எடுத்துக்கொள்ளும், அத்தனைக்கும் காசு. துணைக்கு வருபவரின் டிக்கெட் தனி. தேதிக்கும் நிறுவனத்துக்கும் தகுந்து மாறுவதால் தொகை சொல்ல மாட்டேன். சிறிய விமானங்களில் ஸ்ட்ரெச்சரே எடுக்காத நிறுவனங்களும் உண்டு. முதலில் அதைக் கேளுங்கள்.

கடையநல்லூரிலிருந்து: தம்பி தம்மாமில் சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. ஆபரேஷன் ஆகிவிட்டது. எப்போது அழைத்து வரலாம்?

ஆபரேஷன் செய்த டாக்டர் எலும்பு நிலையாக இருக்கிறது என்று எழுதித் தந்த பிறகு. விழுந்ததில் நெஞ்சிலும் அடிபட்டதா என்று கேளுங்கள். நுரையீரலைச் சுற்றிக் காற்று தங்கியிருந்தால் அது முழுதும் வடிந்து, எக்ஸ்ரேயில் தெளிவான பிறகும் ஒன்றிரண்டு வாரம் காத்திருக்கத்தான் வேண்டும். மேலே போனால் உடம்புக்குள் அடைபட்ட காற்று சுமார் 30 சதவீதம் விரியும். மூச்சுக்காகத் தொண்டையில் துளையிட்டு வைக்கும் ட்ரக்கியாஸ்டமி குழாய் இருந்தால் அதைப் பிடித்திருக்கும் சின்ன பலூனும் அப்படித்தான் விரியும். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் அதன் அழுத்தத்தைச் சரிபார்க்கத் தெரிந்தவர் கூட இருக்க வேண்டும்.

உணர்வு இல்லாத உடம்பில் படுக்கைப் புண் சத்தமில்லாமல் வரும். ரியாத், தம்மாமிலிருந்து சென்னைக்கு விமானத்தில் மட்டும் ஐந்து மணி நேரம் போல. ஆம்புலன்ஸையும் காத்திருப்பையும் சேர்த்தால் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல். அத்தனை நேரமும் புரட்டிப் படுக்க வைக்கும் ஆள் வேண்டும். விமானத்துக்குள் இடம் குறுகல், ஆனாலும் செய்யலாம். கெண்டைக்காலுக்கு அடியில் மடித்த துணி வைத்துக் குதிகாலைத் தூக்கிவிட்டால் அங்கே புண் வராமல் தடுக்கலாம்.

வேலையிடத்து விபத்து என்பதால் சவூதி அரசின் கோசி (GOSI) என்ற தொழிலாளர் காப்பீட்டில் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்கும் அது பொருந்தும். பதிவாகாமல் ஊருக்கு வந்துவிட்டால் பிறகு துரத்துவது கடினம். கம்பெனி நீட்டும் தாளில் கையெழுத்து வேண்டாம் என்பதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

திருவாரூரிலிருந்து: மச்சானுக்கு நாளை மறுநாள் டிக்கெட் போட்டுவிட்டோம். நெஞ்சில் சளி, கொஞ்சம் மூச்சுத் திணறல். வீல்சேர் சொன்னால் போதுமா?

போதாது. டிக்கெட்டின் தேதியை மாற்றுங்கள். "கொஞ்சம் மூச்சுத் திணறல்" என்பது விமானத்தில் கொஞ்சமாக இருக்காது. டாக்டர் பார்த்து, சளிப் பரிசோதனையும் எடுக்கட்டும். காசநோய் என்றால் மருந்து தொடங்கிக் குறைந்தது இரண்டு வாரமாவது ஆகாமல் ஏறக்கூடாது. பக்கத்துச் சீட்டில் குழந்தை உட்கார்ந்திருக்கும்.

காயல்பட்டினத்திலிருந்து: ஏன் சிஸ்டர் எல்லோரையும் பயமுறுத்துகிறீர்கள்? எங்கள் மாமா ஸ்ட்ரோக் வந்த ஆறாம் நாள் ஒன்றும் சொல்லாமல் வீல்சேரிலேயே வந்துவிட்டார். நன்றாகத்தான் இருக்கிறார். படிவம், டாக்டர், நர்ஸ் எல்லாம் காசு பறிக்கிற வழி.

ஐயா, உங்கள் மாமா நல்லபடியாக வந்து சேர்ந்ததில் சந்தோஷம். ஆனால் இதைப் படிக்கும் இன்னொருவர் அதே வழியில் போய்விடக்கூடாது என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

விமானத்துக்குள் இருக்கும் காற்று தரையில் இருக்கும் காற்று இல்லை. ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலைமேல் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். ஊட்டியே ஏழாயிரத்துச் சொச்சம் அடிதான். நல்ல உடம்புக்காரருக்கே அங்கே ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறையும், ஆனால் அவருக்குத் தெரியாது. தரையிலேயே ஆக்ஸிஜன் அளவு 92 சதவீதம் காட்டுகிறவருக்கு மேலே போனால் எண்பதுகளுக்கு இறங்கிவிடும். ஸ்ட்ரோக் வந்த மூளைக்கு அந்தக் குறைவு தாங்காது. அதனால்தான் ஸ்ட்ரோக் வந்து பத்து நாளுக்குள் ஏற்ற நிறைய நிறுவனங்கள் தயங்குகின்றன. நடுவானில் மோசமானால் பணிப்பெண்களிடம் முதலுதவிப் பெட்டி இருக்கும், ஐசியு இருக்காது.

வீட்டிலிருந்து சிலிண்டர் கொண்டு போகலாம் என்றும் நினைக்காதீர்கள். பெரும்பாலான நிறுவனங்கள் அதை ஏற்றாது. அவர்கள் கொடுக்கும் ஆக்ஸிஜனை முன்கூட்டியே கேட்க வேண்டும். கேட்க வேண்டுமானால் நோயைச் சொல்லத்தான் வேண்டும்.

மீண்டும் காயல்பட்டினம்: சரி, பணம் இல்லாதவன் என்ன செய்வான்? மறைத்துக் கூட்டி வருவதைத் தவிர வழி என்ன?

நடுவில் அறந்தாங்கியிலிருந்து: அண்ணே, நாங்களும் அப்படித்தான் மறைத்தோம். கவுண்டரில் என் தம்பி தலை சாய்ந்ததைப் பார்த்ததும் இறக்கிவிட்டார்கள். டிக்கெட் காசும் போச்சு, திரும்ப ஆஸ்பத்திரியில் சேர்க்க இன்னும் காசு.

அறந்தாங்கித் தம்பி சொன்னது வாரம் தவறாமல் நடக்கிறது. ஆனால் காயல்பட்டினம் ஐயா கேட்டது நியாயமான கேள்வி. மறைப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் வழி தெரியாமல்தான் மறைக்கிறார்கள்.

முதல் வழி முதலாளி. சவூதியிலும் அமீரகத்திலும் வேலை ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் செலவு பொதுவாக முதலாளி தலையில்தான். சாதாரண டிக்கெட் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு நழுவப் பார்ப்பார்கள். "இவர் ஸ்ட்ரெச்சரில்தான் போக முடியும்" என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாள் இருந்தால்தான் மேற்கொண்டு கேட்க முடியும். அதனால்தான் படிவம், படிவம் என்கிறேன்.

இரண்டாவது, இந்தியத் தூதரகம். அங்கே இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று 2009 முதல் இருக்கிறது. வசதியில்லாதவர்களுக்கு அவசர சிகிச்சை, ஊர் திரும்ப டிக்கெட் போன்றவற்றுக்கு அதிலிருந்து உதவலாம். யாருக்கு என்று தூதரகம்தான் முடிவு செய்யும். மதத் என்ற இணையதளத்தில் குடும்பத்தார் ஊரிலிருந்தே மனுப் பதிவு செய்யலாம். பாஸ்போர்ட் நகல், விசா நகல், மெடிக்கல் ரிப்போர்ட், கம்பெனி பெயர் எல்லாவற்றையும் ஒரே மனுவில் வையுங்கள். நாலு பேர் நாலு மனுப் போட்டால் தாமதம்தான் ஆகும்.

மூன்றாவது, தமிழ்நாட்டு அரசின் அயலகத் தமிழர் நலத்துறை. தூதரகத்துக்கு அவர்கள் எழுதும் கடிதத்துக்கு எடை உண்டு. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் மனுக் கொடுக்கலாம்.

இந்த மூன்றையும் தட்டிப் பார்க்காமல் நோயை மறைத்து ஏற்றாதீர்கள் ஐயா. கெஞ்சிக் கேட்கிறேன்.

தேவகோட்டையிலிருந்து: ஸ்ட்ரெச்சருக்கு எவ்வளவு ஆகும்?

மேலே பட்டுக்கோட்டைக்குச் சொல்லிவிட்டேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து: போகும்போது ஏதோ இன்ஷூரன்ஸ் போட்டார்கள். அது உதவுமா?

பிரவாசி பாரதிய பீமா யோஜனாவாக இருக்கும். பத்தாம் வகுப்பு முடிக்காமல், அரசிடம் குடிபெயர்வு அனுமதி வாங்கி வளைகுடா, மலேசியா போன்ற நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு அது கட்டாயம். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம். சிகிச்சைக்கு 1 லட்சம் வரை. உடம்பு முடியாமல் திரும்புகிறவருக்கு ஒருவழிச் சாதாரண டிக்கெட்டும் உண்டு. பாலிசிக் காலம் முடிந்திருந்தால் ஒன்றுமில்லை. பெட்டியில் அந்தத் தாளைத் தேடி, முதலில் தேதியைப் பாருங்கள்.

மன்னார்குடியிலிருந்து: அண்ணன் சிங்கப்பூரில் வொர்க் பெர்மிட். சிறுநீரகம் போய்விட்டது. கம்பெனி கைவிட்டுவிட்டது.

கைவிட முடியாது. வொர்க் பெர்மிட் தொழிலாளியின் மருத்துவச் செலவும் ஊர் திரும்பும் செலவும் முதலாளி பொறுப்பு. ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மருத்துவக் காப்பீடும் எடுத்திருக்க வேண்டும். மனிதவள அமைச்சிலும் வெளிநாட்டு ஊழியர் நிலையத்திலும் சொல்லுங்கள். டயாலிசிஸ் முடித்த மறுநாள் பயணம் வைப்பது நல்லது. ஊரில் அடுத்த டயாலிசிஸுக்கு இடம் பிடித்த பிறகே கிளம்பட்டும்.

நாகப்பட்டினத்திலிருந்து: குவைத்தில் இறந்தவர் உடலைக் கொண்டு வருவது பற்றி...

அதற்கு நடைமுறையே வேறு, நான் செய்வதில்லை. தூதரகத்தையும் அயலகத் தமிழர் நலத்துறையையும் உடனே அழையுங்கள். உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன்.

பெயர் வேண்டாம் என்றவர்: அப்பா மலேசியாவில். கல்லீரல் புற்றுநோய், டாக்டர் கைவிரித்துவிட்டார். வீட்டுத் திண்ணையில்தான் சாக வேண்டும் என்கிறார். அழைத்து வரலாமா?

முடிந்தால் அழைத்து வாருங்கள் தம்பி. டாக்டரிடம் "பயணத்தைத் தாங்குவாரா" என்று கேளுங்கள், "எத்தனை நாள்" என்றும் நேராகவே கேளுங்கள். நாள் கணக்கு என்றால் விமான நிறுவனம் சம்மதிப்பது கடினம். அப்போது நீங்கள் அங்கே போவதுதான் சரி. வாரக் கணக்கு என்றால் இந்த வாரமே வேலையைத் தொடங்குங்கள். நல்ல நாள் பார்த்துத் தள்ளிப்போட வேண்டாம்.

வயிற்றில் நீர் கோத்திருந்தால் கிளம்பும் முன் எடுத்துவிட முடியுமா என்று கேளுங்கள், மூச்சு இலேசாகும். மார்ஃபின் கொடுக்கிறார்கள் என்றால் மருந்துச் சீட்டும் டாக்டர் கடிதமும் கைப்பையில் இருக்க வேண்டும். பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிடாதீர்கள். பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வலி தணிப்புப் பிரிவு இருக்கிறதா என்று இப்போதே விசாரியுங்கள். திண்ணைக்கு வந்த பிறகு வலியோடு கிடக்க விடக்கூடாது. என்ன நடக்கிறது என்று அப்பாவிடம் மறைக்காதீர்கள். அவருக்கு ஏற்கெனவே தெரியும், அதனால்தான் திண்ணையைக் கேட்கிறார்.

பெரம்பலூரிலிருந்து: டிக்கெட் போட்டுவிட்டோம், இனி மெடிஃப் கொடுத்தால்...

மெடிஃப் முதலில், டிக்கெட் பிறகு. ஜெயங்கொண்டம் அம்மாவுக்கு எழுதியதைப் படியுங்கள்.

பரமக்குடியிலிருந்து: அண்ணன் நாளை மறுநாள் காலை சென்னையில் ஸ்ட்ரெச்சரில் இறங்குகிறார். நேராக வீட்டுக்குக் கொண்டு வரலாமா?

வேண்டாம். அவ்வளவு தூரம் பறந்து வந்தவரை உடனே இன்னொரு பத்து மணி நேரம் ரோட்டில் ஆட்டக்கூடாது. சென்னையிலேயே ஓர் இரவு மருத்துவமனையில் சேர்த்து, நிலைப்பட்ட பிறகு உங்கள் ஊருக்குப் பக்கமான மதுரை மருத்துவமனைக்கு மாற்றுங்கள். அயலகத் தமிழர் நலத்துறையில் விமான நிலையத்திலிருந்து இலவச ஆம்புலன்ஸ் கேளுங்கள். அதற்கு விமான எண், இறங்கும் நேரம், பாஸ்போர்ட் நகல், சேரப்போகும் மருத்துவமனையின் பெயர் எல்லாம் இன்றே அவர்கள் கையில் இருக்க வேண்டும். வருகிற வண்டியில் ஆக்ஸிஜன் சிலிண்டர் நிறைந்திருக்கிறதா என்று டிரைவரிடம் கேளுங்கள். அவருடைய எண்ணைத் துணைக்கு வரும் நர்ஸுக்கு இன்றே அனுப்பிவிடுங்கள். அங்கே விமானம் ஏறிவிட்டால் நர்ஸைப் பிடிக்க முடியாது.