120 ரோலில் கிரெயின் வரவைப்பது எப்படி? நெல்லை நண்பர்களின் கேள்விகளும் பதில்களும்

யாஷிகா, மாமியா, ரோலிஃப்ளெக்ஸ் என்று 120 ரோல் போடுகிற பழைய மீடியம் ஃபார்மட் கேமராக்களை (35 எம்.எம்.மைவிடப் பெரிய நெகட்டிவ் தருபவை) நம் பக்கத்தில் பலர் மறுபடியும் கையில் எடுத்திருக்கிறீர்கள். கறுப்பு வெள்ளையில் கிரெயின், அதாவது ஃபிலிமின் வெள்ளித் துகள், தூக்கலாகத் தெரிகிற படம் வேண்டும் என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாளையங்கோட்டை, கல்லூரி மாணவர்: அண்ணாச்சி, ஹெச்பி5 ஃபிலிமை 35 எம்.எம். கேமராவில் போட்டா கிரெயின் நல்லா தெரியுது. அதையே யாஷிகா மேட்ல போட்டா வழவழன்னு வருது. ரோல் பழசா இருக்குமோ?

ரோலில் குறை இல்லை தம்பி. இரண்டும் ஏறத்தாழ ஒரே குணமுள்ள ஃபிலிம்தான், நீங்கள் பெரிதாக்குகிற அளவுதான் வேறு. 35 எம்.எம். நெகட்டிவ் 24×36 மி.மீ. அதை 8×10 அங்குல பிரிண்ட் ஆக்க எட்டரை மடங்கு பெரிதாக்க வேண்டும். யாஷிகாவின் 6×6 நெகட்டிவ் உண்மையில் 56×56 மி.மீ. அதற்கு நாலரை மடங்கு போதும். ஆக, பிரிண்டில் ஒவ்வொரு துகளும் பாதி அகலம்தான் தெரியும். 6×7 கேமரா என்றால் மூணரை மடங்கிலேயே முடிந்துவிடும்.

இதனால்தான் மீடியம் ஃபார்மட்டில் கிரெயின் தானாக வராது, நாம் கேட்டு வாங்க வேண்டும். ஃபிலிம், டெவலப்பர் (ஃபிலிமைக் கழுவிப் படத்தை வரவைக்கும் கரைசல்), பிரிண்டின் அளவு மூன்றும் ஒன்று சேர்ந்தால்தான் கிடைக்கும். சிரமம்தான், ஆனால் பலன் உண்டு. பெரிய நெகட்டிவில் வரும் கிரெயினுக்குக் கீழே முகத்தின் வடிவமும் சாம்பல் நிறத்தின் படிகளும் கலையாமல் நிற்கும். 35 எம்.எம்.மில் இந்த இரண்டும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம்.

தென்காசி: எந்த ஃபிலிம் வாங்கலாம்? டி-மேக்ஸ் பி3200 நல்லாருக்கும்னு சொல்றாங்களே?

அது 35 எம்.எம்.மில் மட்டும்தான் வருகிறது. 120-ல் அந்த வகைக்கு இல்ஃபோர்டு டெல்டா 3200 இருக்கிறது, என் முதல் தேர்வும் அதுதான். பெட்டியில் 3200 என்று போட்டிருந்தாலும், வழக்கமான டெவலப்பரில் அதன் உண்மையான வேகம் (வெளிச்சத்தை வாங்கும் திறன்) 1000-ஐ ஒட்டித்தான். மீதியெல்லாம் கூடுதல் நேரம் கழுவி இழுப்பது. அதனால் வெளிச்சம் அளக்கும் மீட்டரில் 1600 வைத்து எடுங்கள், 3200-க்கு உரிய நேரம் கழுவுங்கள். டிடி-எக்ஸ் டெவலப்பரின் 1+4 கலவையில் (ஒன்றுக்கு நாலு தண்ணீர்), 20 டிகிரியில், அது ஒன்பதரை நிமிடம். நிழலிலும் விவரம் நிற்கும், நெகட்டிவும் கொஞ்சம் கனமாக, அதாவது அடர்த்தியாக, வரும். இந்த மாதிரி வெள்ளி ஃபிலிமில் கனம் கூடினால் கிரெயினும் கூடும். நமக்கு வேண்டியது அதுதானே.

டெல்டா விலை கையைக் கடித்தால் செக் நாட்டு ஃபோமாபான் 400 பாருங்கள். 400 ஃபிலிம்களில் கிரெயின் முரடாகத் தெரிகிறவற்றில் அது ஒன்று. பெயரில் உள்ள 400-ஐ நம்பாமல் 200-ல் எடுத்தால் கறுப்புப் பகுதிகள் செத்துப்போகாது. ஹெச்பி5, ட்ரை-எக்ஸ் இரண்டையும் ரோடினலில் கழுவினால் ஓரளவு கிரெயின் வரும்.

அம்பாசமுத்திரம், கல்யாண போட்டோ எடுப்பவர்: ரோடினலில் அப்படி என்ன விசேஷம்? டி-76 போதாதா?

டி-76 நல்ல டெவலப்பர். ஆனால் அதில் லிட்டருக்கு 100 கிராம் சோடியம் சல்ஃபைட் இருக்கிறது. தண்ணீர் சேர்க்காமல் நேர் கரைசலாகப் பயன்படுத்தும்போது அந்த சல்ஃபைட் வெள்ளித் துகளின் ஓரங்களைக் கொஞ்சம் கரைத்து மழுக்கிவிடும். அதனால்தான் மென்மை. 1891-லேயே காப்புரிமை பெறப்பட்ட ஆக்ஃபாவின் ரோடினலை ஒன்றுக்கு ஐம்பது தண்ணீர் சேர்க்கும்போது சல்ஃபைட் அநேகமாக இல்லை என்ற அளவுக்குப் போய்விடும். துகளின் ஓரம் கூர்மையாக அப்படியே நிற்கும். ஹெச்பி5-ஐ 400-ல் எடுத்து, 1+50-ல், 20 டிகிரியில் 11 நிமிடம் கழுவிப் பாருங்கள்.

டவுன்: 20 டிகிரி, 20 டிகிரின்னு சொல்றீங்க. நம்ம ஊர் மே மாசத்துல குழாய்த் தண்ணியே கொதிக்குதே?

நம் ஊரில் ஃபிலிம் கழுவுகிற எல்லோருக்கும் இதுதான் முதல் தலைவலி. வாளியில் ஐஸ் தண்ணீர் வைத்து, டெவலப்பர் பாட்டிலையும் டேங்கையும் அதற்குள் நிறுத்துங்கள். டெவலப்பருக்குள் ஐஸைப் போடாதீர்கள், கலவை நீர்த்துவிடும். 20-க்குக் கொண்டுவர முடியாவிட்டால் 24-ல் நிறுத்திக்கொண்டு நேரத்தைக் குறைக்கலாம். 11 நிமிடம் சுமார் 8 நிமிடமாகும். கழுவும் நேரம் 5 நிமிடத்துக்குக் கீழே போனால் படத்தில் திட்டுத்திட்டாக விழும். அதனால் நேரம் நீளமாக உள்ள ரோடினல் 1+50 மாதிரியான கலவைதான் வெயில் காலத்துக்கு ஏற்றது.

டெவலப்பரை மட்டும் குளிரவைத்துவிட்டு, ஃபிக்ஸரையும் (படத்தை நிலைக்கவைக்கும் கரைசல்) அலசும் தண்ணீரையும் 33 டிகிரியில் விட்டுவிடாதீர்கள். திடீர்ச் சூட்டில் சில ஃபிலிம்களின் ஜெலட்டின் சுருங்கி, படம் முழுக்க வலைபோல விரிசல் விழும். அதைக் கிரெயின் என்று நினைத்துக்கொள்கிறவர்களும் உண்டு, ஆனால் அது நெகட்டிவ் கெட்டுப்போனதன் அடையாளம். போர்வெல் தண்ணீர் உள்ள வீடுகளில் கடைசி அலசலுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் வாங்கிக்கொண்டால் உப்புக் கறை விழாது.

குற்றாலம்: சாரல் நேரத்துல இந்த ஃபிலிம் எடுபடுமா அண்ணாச்சி?

எடுபடுமா என்றா கேட்கிறீர்கள்? இந்த ஃபிலிமுக்கு நம் சீமையில் இதைவிட நல்ல வெளிச்சம் இல்லை என்பேன்.

காரணம் இருக்கிறது. பிரிண்டில் கிரெயின் அப்பட்டமான வெள்ளையிலும் தெரியாது, அடர் கறுப்பிலும் தெரியாது. நடுத்தரச் சாம்பலில், அதுவும் வேறு விவரம் எதுவும் இல்லாத வெற்றிடத்தில்தான் தெரியும். ஜூன், ஜூலையில் மலைக்கு மேல் மேகம் இறங்கி, சாரல் விழுந்துகொண்டிருக்கும்போது மலைச்சரிவு, வானம், சாலை எல்லாமே அந்தச் சாம்பல்தான். மூடுபனியை எடுக்கும்போது மீட்டர் சொல்வதைவிட ஒரு ஸ்டாப் (அதாவது இரு மடங்கு வெளிச்சம்) கூட்டச் சொல்வார்கள், மூட்டம் வெளுப்பாக வருவதற்காக. கிரெயின் வேண்டுமென்றால் கூட்டாதீர்கள். மீட்டர் சொன்னபடியே எடுத்தால் மூட்டம் நடுச்சாம்பலில் விழுந்து, அதற்குள் துகள் உயிரோடு அசைகிற மாதிரி இருக்கும். ஈர மரம், குடை, நனைந்த கல் மாதிரி அடர்த்தியான ஒரு பொருளை மட்டும் சட்டத்துக்குள் வையுங்கள். படத்துக்குப் பிடிமானம் அதுதான்.

தாமிரபரணிக் கரையில் விடியலுக்கு முந்தைய நேரமும் இப்படித்தான். கொக்கிரகுளத்திலிருந்து பாலத்தைப் பார்த்து ட்ரைபாடு போட்டு எடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: மீட்டர் 10 வினாடி என்று சொன்னால் ஹெச்பி5-க்கும் டெல்டா 3200-க்கும் சுமார் 20 வினாடி கொடுக்க வேண்டும். நீண்ட நேரத்தில் ஃபிலிமின் வேகம் தளர்ந்துவிடும்.

திசையன்விளை: தேரிக்காட்டுச் செம்மண்ணை உச்சி வெயிலில் டெல்டா 3200-ல் எடுக்கலாமா?

ஃபில்டர் இல்லாமல் முடியாது. முழு வெயிலில் 1600-க்கு எஃப்16-ல் (லென்ஸ் துளையின் அளவு) 1/1600 வினாடி வேண்டும். யாஷிகா மேட்டின் உச்ச ஷட்டர் வேகம் 1/500. ஆரஞ்சு ஃபில்டர் 2 ஸ்டாப் தின்னும் என்பதால், அதைப் போட்டால் 1/500, எஃப்16-க்குள் வந்துவிடலாம். இரட்டை லென்ஸ் கேமராவில் ஃபில்டரைக் கீழ் லென்ஸில் மாட்டுங்கள். கேமராவின் மீட்டருக்கு ஃபில்டர் போட்டது தெரியாது, அந்த 2 ஸ்டாப்பை நீங்கள்தான் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆரஞ்சு ஃபில்டரில் செம்மண் வெளுக்கும், நீல வானம் இருண்டு சாம்பலாகும். கிரெயின் வானத்தில் தெரியும், மண்ணில் அவ்வளவாகத் தெரியாது. மண்ணிலும் வேண்டுமென்றால் மாலை 5 மணிக்கு மேல் போங்கள்.

பத்தமடை: வீட்டுக்குள் பாய் நெய்வதை எடுக்க ஆசை. வெளிச்சம் குறைவு.

வெளிச்சத்துக்கு டெல்டா 3200 தாராளம். ஆனால் பாயை மட்டும் தனியாக எடுப்பதாக இருந்தால் இந்த ஃபிலிம் வேண்டாம். பட்டுப்பாயின் கோரை இழை அவ்வளவு மெல்லியது, கிரெயின் அதை விழுங்கிவிடும். அதற்கு 100 வேக ஃபிலிமும் ட்ரைபாடும்தான் மரியாதை. நெய்கிறவர்களின் கை, முகம், சுவரில் விழும் சன்னல் வெளிச்சம் இவற்றுக்கு 3200-ஐ வைத்துக்கொள்ளுங்கள்.

வள்ளியூர்: கோயில் மண்டபத்துக்குள்?

எஃப்3.5, 1/30-ல் விளக்கு வெளிச்சத்திலும் படம் விழும். கேமரா கொண்டுபோக அனுமதி உண்டா என்று கோயில் அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள்.

சங்கரன்கோவில்: ஸ்கேன் பண்ணும்போது டிஜிட்டல் ஐஸ் போட்டா தூசி போகுமாமே?

கறுப்பு வெள்ளை வெள்ளி ஃபிலிமுக்கு அதை அணைத்துவிடுங்கள். அது அகச்சிவப்புக் கதிரால் தூசியைத் தேடுகிறது. வெள்ளியும் அந்தக் கதிரை மறைப்பதால் படத்தையே தூசி என்று எண்ணிக் குதறிவிடும். ஸ்கேனரில் ஷார்ப்பனிங்கையும் அணையுங்கள். அது கூட்டிக் காட்டுவது கிரெயினே இல்லை. நல்ல கிரெயினைப் பார்க்க 12×16-க்குக் குறையாமல் ஒரு பிரிண்ட் போடுங்கள். போன் திரையில் இது எதுவுமே தெரியாது.

ராதாபுரம்: ரோல்களை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

கண்டிப்பாக. வேகமான ஃபிலிம் சூட்டில் சீக்கிரம் மூட்டம் கட்டும், அதாவது படம் முழுக்க மங்கலாகும். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்காமல் ஒரு மணி நேரமாவது விடுங்கள், இல்லையென்றால் வியர்த்துவிடும். எடுத்து முடித்த ரோலைப் புழுக்கத்தில் போட்டுவைக்காமல் உடனே கழுவுங்கள். ஃபிலிமோடு சுற்றியிருக்கும் பின்தாளின் எண்கள் படத்தில் பதியும் ஆபத்து உண்டு. விமானத்தில் போனால் எக்ஸ்ரேயில் விடாமல் கையால் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

சேரன்மகாதேவி: தாத்தாவோட ஆக்ஃபா க்ளிக் 3 இருக்கு. அதுல டெல்டா 3200 போடலாமா?

120 ரோல் அதில் சரியாகப் பொருந்தும், 12 படம் வரும். ஆனால் ஷட்டர் வேகத்தை மாற்ற வழியில்லாத கேமரா அது, பகலில் 3200 தாங்காது. 100 அல்லது ஃபோமாபான் 400 போட்டு, மேகமூட்டமான நாளிலோ சாயங்காலத்திலோ எடுங்கள். பின்னால் எண் தெரியும் சிவப்புச் சன்னல் இருக்கிறதே, அதைக் கறுப்பு டேப்பால் மூடிவையுங்கள். இன்றைய ஃபிலிம்கள் சிவப்பு வெளிச்சத்துக்கும் மயங்கும். ரோலைச் சுற்றும்போது மட்டும் நிழலில் நின்று டேப்பை விலக்கி, எண்ணைப் பார்த்ததும் மறுபடி ஒட்டிவிடுங்கள்.