மாதம் 38,000 சம்பளம். வேலையை விட்டுவிட்டு முழுநேர கிரிப்டோ டிரேடிங்கில் இறங்கலாமா?

உங்களுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். நாலைந்து மாதம் நல்ல லாபம் பார்த்திருப்பீர்கள், கூடவே ஆபீஸில் மேனேஜர் ஏதாவது சொல்லியிருப்பார். இரண்டும் சேர்ந்தால்தான் இந்தக் கேள்வி வரும். வேலையை விடாதீர்கள்.

பிட்காயினே ஏமாற்று வேலை என்று பேசும் கூட்டத்தில் நான் இல்லை. 'பூமர் அங்கிள்' என்று எழுதக் கை பரபரப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். விலை ஏறுமா இறங்குமா என்பது எனக்குத் தெரியாது, ஈரோட்டில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு பார்ப்பவன், வரி தெரியும்.

என் மனைவியின் தம்பி 2021 தீபாவளி முடிந்த கையோடு திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலையை விட்டான். பிட்காயின் 69,000 டாலரை ஒட்டிப் போன நவம்பர் அது. பி.எஃப். பணத்தையும் எடுத்துப் போட்டான். ஐந்து வருடம் முடியாமல் எடுத்தால் அதற்கும் வரி உண்டு என்றேன். "அந்த வரியை ஒரே வாரத்துல சம்பாதிச்சுருவேன் மாமா" என்றான்.

அடுத்த பிப்ரவரியில் பட்ஜெட். கிரிப்டோ லாபத்தில் 30 சதவீதம் வரி, அந்த வரி மேல் 4 சதவீதம் செஸ் என்ற கூடுதல் வரி. இது எல்லோருக்கும் தெரியும். பலரும் கவனிக்காதது, ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொரு காயினின் லாபத்தில் கழிக்க முடியாது என்பது. பங்கில் நஷ்டம் வந்தால் எட்டு வருடம் வரை கொண்டுபோகலாம், இதில் அடுத்த வருடத்துக்கே போகாது. வேறு வருமானமே இல்லையென்றாலும், இவ்வளவு வரை வரி இல்லை என்கிற அடிப்படை விலக்கு இதற்குக் கிடையாது. வேலையை விடுகிறவர் இதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

2023 ஜூலையில் அவன் வரி ரிட்டர்ன் போட எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்போடு உட்கார்ந்தோம். நஷ்டத்தையெல்லாம் சிவப்பில் போட்டு வைத்திருந்தான். ஒவ்வொரு சிவப்பையும் நான் பூஜ்யமாக்க ஆக்க, கீழே கூட்டுத்தொகை ஏறிக்கொண்டே போனது. "அய்யோ, அதை ஏன் மாமா அழிக்கறீங்க?" என்று என் கையைப் பிடித்தான். தொகையைச் சுருக்கிச் சொல்கிறேன்: 1,00,000 லாபம், 80,000 நஷ்டம், கையில் நின்றது 20,000. வரி 31,200.

டிடிஎஸ் வேறு, அதாவது விற்கும்போதெல்லாம் முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும் வரி, 1 சதவீதம். 1,00,000 ரூபாயை 50 தடவை சுழற்றினால், விலை அசையாமல் இருந்தாலும் கிட்டத்தட்ட 40,000 அதில் முடங்கும். ரிட்டர்னில் சரிக்கட்டிக்கொள்ளலாம், மறுக்கவில்லை. அதுவரை எதை வைத்து டிரேடிங் செய்வீர்கள்?

மச்சினன் இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறான், பழைய சம்பளத்தைவிடக் குறைவு. இடையில் என்ன செய்தாய் என்று இன்டர்வியூவில் குடைந்திருக்கிறார்கள்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் வாயில் வருகிறது. எக்ஸ்சேஞ்ச் பிடிக்கும் கட்டணத்துக்கு முணுமுணுக்காத சொந்தக்காரர்கள், ரிட்டர்ன் போட்டுக் கொடுக்க 500 ரூபாய் கேட்டால் "நம்ம மாப்பிள்ளைதானே" என்கிறார்கள். கடைசி நாள் ராத்திரி வாட்ஸ்அப்பில் ஃபார்ம் 16 வரும், கட்டைவிரல் பாதியை மறைத்த படமாக. பான் எண் அந்த விரலுக்கு அடியில்தான் இருக்கும்.

சரி, உங்கள் விஷயம். சம்பளத்தில் மிஞ்சுவதில், போனாலும் தூக்கம் கெடாத தொகைக்கு வாங்குங்கள். இந்த வருடம் ஏற்கெனவே விற்றிருந்தால், ரிட்டர்னுக்கு ஐடிஆர் 1 படிவம் போடாதீர்கள். ஐடிஆர் 2-இல் இதற்கென்றே தனி அட்டவணை இருக்கிறது. பிடித்த டிடிஎஸ், வரித்துறையின் 26ஏஎஸ் என்ற வரிக் கணக்கு அறிக்கையில் உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கும், அதனால் காட்டாமல் விட்டால் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.