ஓடும் பிள்ளைக்கு மாதவிடாய் நின்றால்

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. மக்கெய்சர் மைதானத்தில் 1500 மீற்றர் ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கிறாள். ஐந்து மாதமாக மாதவிடாய் வரவில்லை. ‘கடுமையாக ஓடினால் அப்படித்தான்’ என்று கூட ஓடும் பிள்ளைகள் சொல்கிறார்களாம். இப்போது கீழ்க்காலின் முன் எலும்பில் ஒரே இடத்தில் நோகிறது என்கிறாள். ஓட்டத்தை நிறுத்திவிடவா?
– ஒரு தாய், உப்புவெளி, திருகோணமலை

பதில்: அன்புள்ள சகோதரி, விளையாட்டை விடச் சொல்லாதீர்கள். ஆனால் வைத்தியர் பார்க்கும்வரை அந்தக் காலோடு ஓட வேண்டாம்.

‘அப்படித்தான்’ என்ற பேச்சை நம்பாதீர்கள். ஓட்டத்தில் செலவாகும் சக்திக்கு ஏற்ற சாப்பாடு இல்லையென்றால், மூளை சூலகத்துக்கு அனுப்பும் ஹோர்மோன்களைக் குறைத்துவிடும். சூலகத்தில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பதும் குறையும், மாதவிடாய் நிற்கும். நம் எலும்பு ஒரு பக்கம் கரைந்துகொண்டும் மறுபக்கம் புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டும் இருப்பது. கரைவதைக் கட்டுக்குள் வைத்திருப்பது ஈஸ்ட்ரோஜன்தான். அது குறையும்போது கரைவது கூடுகிறது. போதிய சாப்பாடு இல்லாததால் கட்டுவதும் மந்தமாகிறது. ஓடும்போது எலும்பில் விழும் நுண்ணிய வெடிப்புகள் ஆறாமல் சேர்ந்து முறிவாகும். உங்கள் மகளின் நோ அதுவாக இருக்கலாம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் இது தெரியாமலும் போகும். ஆகவே எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றாலும் நோ தொடர்ந்தால் எம்.ஆர்.ஐ. பற்றிக் கேளுங்கள்.

எனக்குக் கவலை அவளுடைய வயதைப் பற்றித்தான். எலும்பின் ஏறத்தாழ 90 வீதம் இருபது வயதை எட்டுவதற்குள் சேர்ந்துவிடும். இப்போது சேராமல் போவதைப் பிறகு முழுதாக ஈடுசெய்வது கடினம்.

மூன்று மாதம் வராவிட்டாலே வைத்தியரிடம் போக வேண்டும். தைரொயிட், புரோலக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹோர்மோன்), சூலக நீர்க்கட்டி எல்லாம் பார்ப்பார்கள். கர்ப்பப் பரிசோதனையும் செய்வார்கள். அது வழக்கம், பிள்ளையைச் சந்தேகப்பட்டு அல்ல. கருத்தடை மாத்திரை போட்டு இரத்தப்போக்கு வந்தால் சரியாகிவிட்டது என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். உண்மையான சுழற்சி திரும்பியதா என்பதை அது மறைத்துவிடும். சாப்பாடு போதாமல் மெலிந்த எலும்புக்கும் அது பாதுகாப்பில்லை.

அப்புறம் சாப்பாடு. எடை குறைந்தால் வேகம் கூடும் என்று இரவுச் சோற்றை விட்டுவிட்டாளா? கோபப்படாமல் கேட்டுப் பாருங்கள். காலையில் வெறும் வயிற்றோடு ஓட விட வேண்டாம். பயிற்சி முடிந்த கையோடு ஏதாவது கொடுங்கள். இந்த வயதில் நாளுக்கு 1300 மில்லிகிராம் கல்சியம் வேண்டும். குரக்கன் புட்டு, முள்ளோடு தின்னும் நெத்தலி, எருமைத் தயிர் என்று நம் வீட்டிலேயே அதற்கு வழி உண்டு. ஆனால் மொத்தச் சாப்பாடு போதாமல் கல்சியம் குளிசை மட்டும் கொடுத்தால் இது தீராது.

பயிற்சியாளரிடமும் நீங்களே பேசுங்கள். வைத்தியர் சொன்னதை எழுத்தில் வாங்கிக் கொடுத்தால், மீண்டும் ஓடத் தொடங்கும் நாளை அவர் அதை வைத்தே தீர்மானிக்கலாம்.