மகள் பகிடி சொல்ல மேடையேறப் போகிறாளாம்: லண்டன் தாய் ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

கணக்கியல் இரண்டாம் வருடம் படிக்கும் மகள், படிப்பை நிறுத்திவிட்டு ஸ்டாண்ட்-அப் கொமெடிக்குப் போகப்போவதாகச் சொல்கிறாள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அவள் சொன்னதில் இரண்டு விஷயங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. படிப்பை நிறுத்துவது ஒன்று, மேடையேறுவது இன்னொன்று. இரண்டாவதற்கு முதலாவது தேவையே இல்லை. இங்கிலாந்தில் புதியவர்களுக்கு இடம் கொடுக்கும் இரவுகள் பெரும்பாலும் திங்கள் முதல் வியாழன் வரை, ஏதாவது ஒரு பப்பின் மாடியிலோ நிலவறையிலோ, மாலை ஏழரை எட்டு மணிக்குத்தான் தொடங்குகின்றன. அந்த நேரத்தில் எந்த விரிவுரையும் இல்லை. முதல் இரண்டு வருடம் யாரும் காசும் தரப்போவதில்லை. ஆகவே படிப்பை விட்டால் அவளுக்கு மிஞ்சுவது வெறும் பகல்கள்தான்.

இதை அவளிடம் சொல்லும்போது உறவுக்காரப் பிள்ளைகளை உதாரணம் காட்டாதீர்கள். அவள் மதிக்கும் கொமெடிக் கலைஞர்களையே காட்டுங்கள். ரொமேஷ் ரங்கநாதனைத் தெரியாமல் இருக்காது. இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு 1978இல் இங்கிலாந்தின் குரோலி நகரில் பிறந்தவர், தான் படித்த ஹேஸல்விக் பள்ளியிலேயே கணித ஆசிரியராக இருந்தவர். எடின்பரோ கொமெடி விருதின் புதுமுகப் பட்டியலில் அவர் பெயர் வந்தது 2013இல், 35 வயதில். ஜோ பிராண்ட் மனநல மருத்துவமனைத் தாதியாக இருந்தவர். ஹாரி ஹில் டொக்டர். கிரெக் டேவிஸ் 13 வருடம் பள்ளி ஆசிரியர். ஜோன் பிஷப் மருந்துக் கம்பனி ஒன்றில் விற்பனைப் பக்கம் இருந்தார். 2000இல் மான்செஸ்டரில் முதல் முறை மேடையேறியவர், வேலையை விட்டது 2006இல்தான். இடையில் ஆறு வருடம். திறமை குறைவென்று அவர் காத்திருக்கவில்லை. 20 நிமிடம் தடுமாறாமல் சிரிக்கவைக்கக் கிட்டத்தட்ட அவ்வளவு காலம் பிடிக்கிறது.

இந்தத் தொழிலின் ஏணி எப்படி இருக்கிறதென்று உங்களுக்கும் தெரிந்திருப்பது நல்லது. ஒரு கிளப் இரவில் எம்.சி., அதாவது நிகழ்ச்சித் தொகுப்பாளர், சனத்தைச் சூடாக்குவார். முதல் ஆள் 20 நிமிடம். இடைவேளைக்குப் பிறகு நடுப்பகுதியில் புதியவர்களுக்கான 5 நிமிட ஓபன் ஸ்பொட் ஒன்றிரண்டு, 10 நிமிட ஆள் ஒருவர். கடைசியில் தலைமை ஆள், 20 முதல் 30 நிமிடம். ஓபன் ஸ்பொட்டுக்குக் காசு இல்லை. 10 நிமிடத்துக்கு வந்தால் பெட்ரோல் செலவைத் தேற்றலாம். வார இறுதியில் நல்ல கிளப்பில் 20 நிமிடம் செய்பவருக்குச் சுமார் 100 முதல் 200 பவுண்ட் கிடைக்கும். அந்தத் தொகை பல வருடமாகப் பெரிதாக ஏறவில்லை, ரயில் கட்டணம் மட்டும் ஏறிவிட்டது. ஒவ்வொரு படி ஏறும்போதும் புதிய கிளப்பில் முதலில் காசில்லாமல் ஒரு தடவை செய்து காட்டவேண்டும். பர்மிங்ஹாமில் செய்து காட்டியது லீட்ஸில் செல்லாது.

தொடக்கத்தில் எங்கே போவது? அவளுடைய பல்கலைக்கழகத்தின் கொமெடி சங்கம்தான் மிக மலிவான முதல் மேடை. இஸ்லிங்டனில் பில் மரே பப்பில் நடக்கும் ஏஞ்சல் கொமெடி போன்ற இடங்களில் முதலில் பார்வையாளராகப் பத்து இரவாவது உட்காரட்டும். அனுபவசாலிகள் புதுப் பகிடிகளைச் சோதித்துச் சொதப்புவதை அங்கே பார்க்கலாம், அது எந்த வகுப்பையும் விட மேல். ‘ப்ரிங்கர்’ என்ற வகை இரவுகளில் ஒவ்வொருவரும் ஒரு நண்பரைக் கூட்டிவரவேண்டும், அந்த நண்பர் கடைசிவரை இருக்கவும் வேண்டும். தன் ஐந்து நிமிடம் முடிந்ததும் நண்பரோடு நழுவுபவரை அந்த ஏற்பாட்டாளர் மறுபடி கூப்பிடமாட்டார். இன்னொரு வகை கோங் இரவு. 1979இல் சோஹோவில் தொடங்கிய கொமெடி ஸ்டோர் நடத்தும் ‘கிங் கோங்’ அந்த வகை. பார்வையாளர் சிலர் கையில் அட்டை இருக்கும், பிடிக்கவில்லையென்று அந்த அட்டைகள் எழும்பினால் மணி அடித்து இறக்கிவிடுவார்கள். முப்பது தடவையாவது மேடையேறாமல் அங்கே போகவேண்டாம் என்று சொல்லுங்கள். ஒன்றரை நிமிடத்தில் இறக்கப்பட்டால் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது, காயம்தான் மிஞ்சும்.

படிப்பை நிறுத்தத் துடிக்கும் பிள்ளைகளில் பலர் தொழிலின் சலிப்பூட்டும் பகுதியை இன்னும் பார்க்கவில்லை. அந்தப் பகுதி இதுதான். ஐந்து நிமிடம் என்றால் அதைவிடக் குறைவாகத்தான் எழுதவேண்டும், சிரிப்பும் நேரம் எடுக்கும். ஒவ்வொரு இரவும் போனில் ஒலிப்பதிவு. அடுத்த நாள் அதைக் கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே தாளில் எழுதி, சிரிப்பு வந்த இடத்தில் கோடு போடவேண்டும். புதியவரின் ஐந்து நிமிடத்தில் 15, 20 வினாடிக்கு ஒரு கோடு விழுந்தால் நன்று. 40 வினாடி வெறுமையாக இருந்தால் அநேகமாக முன்கதை நீண்டுவிட்டது. அடுத்த வழக்கமான பிழை வாக்கியத்தின் வாலில் இருக்கும். சிரிப்பை வெடிக்கவைக்கும் சொல் கடைசியில் வரவேண்டும். அதன்பின் இரண்டு சொல் நீண்டாலும், சனம் சிரிக்க வாயெடுக்கும் நேரத்தில் அவளே பேசிக்கொண்டிருப்பாள், சிரிப்பு அடங்கிப்போகும். புதிய பகிடியை நடுவில் வைத்து, முன்னும் பின்னும் சோதித்தவற்றை வைக்கவேண்டும். ஒரே இரவில் எல்லாவற்றையும் மாற்றினால் எது விழுந்தது, ஏன் விழுந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. நண்பர்கள் நிறைந்த இரவின் ஒலிப்பதிவைக் கணக்கில் எடுக்கவே கூடாது.

நேரம் மீறுவது பெரும் குற்றம். ஒரு நிமிடம் இருக்கும்போது அரங்கின் பின்புறமிருந்து வெளிச்சம் காட்டுவார்கள், பார்த்ததும் முடிக்கவேண்டும். பின்னால் காத்திருக்கும் ஆளுக்குக் கடைசி ரயில் இருக்கும், பப்புக்கு மூடும் நேரம் இருக்கும். மற்றவரின் பகிடியை எடுப்பது இதைவிடப் பெரிய குற்றம், அதற்கு இந்தச் சின்ன உலகத்தில் மன்னிப்பே இல்லை. மைக்கைக் கழற்றினால் ஸ்டாண்டைப் பின்னால் தள்ளி வைக்காமல் அதன் பின்னால் ஒளிந்து நிற்பது போன்ற சின்னப் பிழைகளெல்லாம் பத்துத் தடவையில் தானாகப் போய்விடும்.

“எங்களைப் பற்றித்தான் பகிடி சொல்வாளாம்” என்று எழுதியிருந்தீர்கள். சொல்வாள். தமிழ் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் முதலில் கை வைப்பது அம்மாவின் ஆங்கில உச்சரிப்பில்தான். மலிவான சிரிப்பு உடனே வரும், அதனால்தான் ஆபத்து. அதே பகிடியை அதே இரவில் வேறொரு தென்னாசியப் பிள்ளையும் வைத்திருக்கும். ஏற்பாட்டாளர்களுக்கு அது புளித்துப்போன ஒன்று. உச்சரிப்பை விட்டு, நீங்கள் உண்மையில் எப்படிப்பட்ட ஆள், எதற்குக் கோபப்படுவீர்கள், எதை ஒளித்துவைப்பீர்கள் என்று எழுதினால் அது அவளுடையதாகிவிடும். ரொமேஷின் தாயார் சாந்தி மகனோடு தொலைக்காட்சியில் தோன்றி, மகனை விட அதிகம் சிரிப்பு வாங்கியதைப் பார்த்திருப்பீர்கள்.

இதற்கென்று படிப்பு உண்டா என்றும் கேட்டீர்கள். சல்ஃபோர்ட் பல்கலைக்கழகம் கொமெடி எழுத்துக்கும் நிகழ்த்தலுக்கும் பட்டப்படிப்பு நடத்தியிருக்கிறது, கென்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்டாண்ட்-அப் ஆவணக் காப்பகமே இருக்கிறது. ஆனால் எந்த ஏற்பாட்டாளரும் சான்றிதழ் கேட்பதில்லை. அவர்கள் கேட்பது வெட்டி ஒட்டாத 5 நிமிட வீடியோ, சனத்தின் சத்தம் கேட்கும்படி. ஒரு குறும்பயிற்சியில் சேர்ந்தால் கூடவே அலையப் பத்துப் பேர் கிடைப்பார்கள், அதற்காகப் போகலாம். கணக்கியலை மாற்றி இதில் சேர்வது எங்கள் கணிப்பில் நட்டம்.

செலவைக் கணக்கியல் மாணவியிடமே எழுதச் சொல்லுங்கள். ஓர் இரவுக்குப் பயணமும் ஒரு சோடாவும் சேர்த்து 10 முதல் 15 பவுண்ட், வாரம் மூன்று இரவு, வருடத்தில் 40 வாரம் என்றால் 1,200 முதல் 1,800 பவுண்ட். பகுதிநேர வேலையில் அவளே சமாளிக்கக்கூடிய தொகை. நீங்கள் தரவேண்டாம்.

குடும்பங்கள் கடன்படுவது எடின்பரோவில்தான். 1947இல் தொடங்கிய ஃப்ரிஞ்ச் விழா ஒவ்வொரு ஓகஸ்டிலும் மூன்று வாரத்துக்கு மேல் நடக்கும். தனியாக ஒரு மணி நேர நிகழ்ச்சி போடுவதென்றால் பதிவுக் கட்டணம், அரங்கத்துக்கு உத்தரவாதத் தொகை, சுவரொட்டி, விளம்பரத்துக்கு ஆள், அந்த மாதத்தில் பல மடங்கு ஏறும் வீட்டு வாடகை எல்லாம் சேர்ந்து ஆயிரக்கணக்கில் போகும். அரங்கம் நிறைந்தாலும் நட்டத்தில் திரும்புகிறவர்கள் ஏராளம். முதல் தடவை போனால் இன்னும் இரண்டு பேரோடு பங்குபோட்டு, ஆளுக்கு 15, 20 நிமிடமாக, டிக்கெட் இல்லாமல் வாசலில் வாளி ஏந்திக் காசு சேர்க்கும் இலவச அரங்கு ஒன்றில், ஒரு வாரத்துக்கு மட்டும் போகட்டும். அங்கே நடக்கும் ‘ஸோ யூ திங்க் யூ ஆர் ஃபன்னி’ போட்டி 1988 முதல் புதியவர்களுக்கானது. கொமெடிக் கலைஞர் பீட்டர் கே 1997இல் வென்றது அதில்தான். ஒரு மணி நேரத்துக்குரிய சரக்கு கையில் இல்லாதவர் வீட்டுப் பணத்தில் தனி நிகழ்ச்சி போடுவதற்கு மட்டும் உறுதியாக மறுத்துவிடுங்கள்.

காசு வரத் தொடங்கினால் வரியும் வரும். ஒரு வரி ஆண்டில் சுயதொழில் வரவு, செலவைக் கழிக்கும் முன்பே, 1,000 பவுண்டைத் தாண்டினால் அந்த ஆண்டு முடிந்து வரும் ஒக்டோபர் 5க்குள் வரித் திணைக்களமான எச்.எம்.ஆர்.சி.யில் பதிய வேண்டும், இணையவழிக் கணக்கை ஜனவரி 31க்குள் சமர்ப்பிக்க வேண்டும். ரயில் டிக்கெட் கழிக்கலாம், மேடைக்கு வாங்கிய சாதாரண உடுப்புக் கழிக்க முடியாது. ஏஜென்ட் யாராவது முன்பணம் கேட்டால் அவர் ஏஜென்ட் அல்ல. உண்மையானவர் வாங்கித் தந்த வேலையில் 15 முதல் 20 சதவீதம் எடுப்பார், அவ்வளவுதான்.

உங்கள் மகள் இங்கே பிறந்தவள், விசாப் பிரச்சினை இல்லை. ஆனால் கூடவே மேடையேற ஆசைப்படும் தோழி சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ மாணவர் விசாவில் வந்தவராக இருந்தால் கவனம். அந்த விசாவில் சுயதொழிலும் கூடாது, கேளிக்கைக் கலைஞராக வேலை செய்வதும் கூடாது. காசில்லாத ஐந்து நிமிடத்துக்குக்கூடப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் ஆலோசகரிடம் எழுத்தில் கேட்டுவிட்டுத்தான் ஏறவேண்டும்.

இரவுப் பயணம் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. லண்டனில் இரவு முழுக்க ஓடும் சுரங்க ரயிலான நைட் டியூப் வெள்ளி, சனி இரவுகளில் மட்டும், ஐந்து பாதைகளில்தான் ஓடுகிறது. புதியவர் இரவுகளோ வார நாட்களில். ஒப்புக்கொள்ளும் முன்பே வீடு திரும்பும் வழியைப் பார்க்கவேண்டும். தன் ஐந்து நிமிடத்தை முதல் பாதியில் தரும்படி ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே கேட்கலாம், அதில் வெட்கமில்லை. வெளியூர் என்றால் அதே இரவில் செய்யும் இன்னொரு பெண்ணோடு காரில் பங்குபோட்டுப் போவது இங்கே வழக்கம்.

பட்டம் முடிந்ததும் வாரத்தில் நாலு நாள் வேலை ஒன்றைத் தேடச் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை மத்தியானம் ரயில் ஏற வசதியாக இருக்கும். முழுநேரமாக விடுவதை, தொடர்ந்து 12 மாதம் மேடை வரவு வாடகையையும் வரியையும் தாங்கி, ஆறு மாத வாடகை வங்கியில் இருக்கும்போது பேசிக்கொள்ளலாம்.

நீங்கள் பார்க்கப் போகவேண்டுமா? போகவேண்டும், ஆனால் இருபதாவது தடவைக்குப் பிறகு, அவள் கூப்பிட்டால். முன்வரிசையில் மட்டும் உட்காராதீர்கள், எம்.சி. உங்களைத்தான் பிடிப்பார்.