தேவாங்கின் கண்ணும் அந்துப்பூச்சியின் கண்ணும் டோர்ச் வெளிச்சத்தில் ஏன் ஒரே மாதிரி மின்னுகின்றன?

இரண்டின் கண்ணுக்குள்ளும் கண்ணாடி போன்ற ஓர் அமைப்பு இருக்கிறது. தேவாங்கின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் உண்டு. விழித்திரை முதல் தடவை பிடிக்கத் தவறிய ஒளி அதில் பட்டு மறுபடி விழித்திரைக்கே வருகிறது. அப்போதும் எஞ்சி வெளியேறுவதுதான் நாம் காணும் செம்மஞ்சள் மினுக்கம். அந்துப்பூச்சியில் இந்த வேலையைச் செய்பவை கண்ணின் அடியில் இருக்கும் நுண்ணிய காற்றுக்குழாய்கள். உறவே இல்லாத இரண்டு உயிர்கள் தனித்தனியே ஒரே உபாயத்துக்கு வந்து சேர்ந்திருப்பது எனக்கு இன்றைக்கும் பெரிய வியப்பு.

ஒற்றுமை அத்தோடு சரி. இருட்டில் பார்ப்பதில் அந்துப்பூச்சியைத்தான் நான் ஒரு படி மேலே வைப்பேன். அதன் கண்ணில் நூற்றுக்கணக்கான சிறு வில்லைகள் பிடிக்கும் ஒளி ஒரே புள்ளியில் வந்து குவியும். வில்லைகளின் மேற்பரப்பில் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய முனைகள் இருப்பதால், வரும் ஒளி அங்கேயே தெறித்து வீணாவதும் குறைவு. ஹோக்மொத் எனப்படும் வேகமாகப் பறக்கும் அந்துப்பூச்சிகளில் ஓர் இனம், வெறும் நட்சத்திர வெளிச்சத்திலேயே மஞ்சளையும் நீலத்தையும் சாம்பல் நிறங்களிலிருந்து பிரித்தறிந்தது. அல்முட் கெல்பரும் சக ஆய்வாளர்களும் 2002இல் இதைக் காட்டினார்கள். அந்த வெளிச்சத்தில் நமக்கு நிறமே தெரியாது. தேவாங்குக்கோ பகலிலும் நிறங்களைப் பிரித்தறிய முடியாது.

தேவாங்குக்குத் தேவை வேறு. முன்னோக்கிய இரு கண்களாலும் தூரத்தைச் சரியாக மட்டிட்டு, கிளையில் இருக்கும் பூச்சியைச் சட்டெனக் கையால் பிடிக்க வேண்டும். அந்தப் பூச்சி சில வேளை அந்துப்பூச்சியாகவும் இருக்கும்!

கொழும்பில் இருந்துகொண்டே அந்துப்பூச்சியின் மினுக்கத்தைப் பார்க்கலாம். வெள்ளவத்தை மாடிவீட்டு பல்கனிக்கும் அவை வரும். விளக்கை அணைத்துக் கொஞ்ச நேரம் இருட்டில் விடுங்கள். வெளிச்சத்தில் கண்ணுக்குள் நிறமி நகர்ந்து மினுக்கத்தை மறைத்துவிடும். பிறகு டோர்ச்சை உங்கள் கண்ணருகே பிடித்துப் பாருங்கள்.

தேவாங்கைப் பார்க்க சிங்கராஜா போன்ற ஈரவலயக் காட்டுக்குப் போகலாம். அங்குள்ள செந்தேவாங்கு இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. அதன் கண் மருந்தாகும் என்று நம்பி அதைப் பிடித்து வதைத்திருக்கிறார்கள். அந்தக் கொடுமையை யாராவது இன்னும் நியாயப்படுத்தினால் தயவுசெய்து மறுத்துப் பேசுங்கள். காட்டில் வெள்ளை டோர்ச்சை அதன் முகத்துக்கு நேரே அடிக்கவும் வேண்டாம். ஆய்வாளர்களைப் போல் சிவப்புத் தாள் ஒட்டிய டோர்ச்சைப் பயன்படுத்துங்கள். தேவாங்கு அவ்வளவாகக் கலவரப்படாது, மினுக்கமும் நன்றாகத் தெரியும்.