'லிட்டில் ஃபாரஸ்ட்' ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டதா?

இந்த ஜப்பானியப் படம் பருவம் பருவமாகப் பிரிந்தது; அது இன்னும் முடியவில்லை. நீங்கள் பார்த்தது கோடைப் பகுதி மட்டும். பெயர்ப் பட்டியல் ஓடியதும் நிறுத்தியிருப்பீர்கள், அதனால்தான் அடுத்த பருவமே வரவில்லை. ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் தனியாகப் பெயர்கள் ஓடும்.

இயக்குநர் ஜூன்இச்சி மோரி இதை இரண்டு படங்களாக வெளியிட்டார்: கோடை–இலையுதிர் காலம் 2014இல், குளிர்–வசந்தம் 2015இல்.

1. மொத்த நேரத்தைப் பாருங்கள். சுமார் 1 மணி 50 நிமிடம் என்றால் அது முதல் படம். பெயர்களைத் தாண்டி ஓட்டினால் இலையுதிர் காலம் வரும். கதாநாயகிக்கு அவள் அம்மாவிடமிருந்து வரும் கடிதத்தோடு அது நிற்கும்.
2. அப்புறம் இரண்டாவது படத்தைத் தனியாகத் தேடுங்கள். அதில் கதாநாயகி முள்ளங்கியைக் கோத்து வெளியே தொங்கவிட்டுக் குளிரில் உறைய வைப்பாள். குளிரே அங்கு ஒரு சமையல் பொருள்! தயவுசெய்து அதைத் தவறவிடாதீர்கள்.

ஒன்று கவனம்: 2018இல் வந்த கொரியப் படத்துக்கும் இதே பெயர்தான். நான்கு பருவமும் ஒரே படத்தில் அடங்கிவிடும். கிம் தே-ரி நடித்திருந்தால் அது வேறு. தொடக்கத்தில் ஈரப்பதம் போக விறகடுப்பை மூட்டி, அதிலேயே ரொட்டி சுட்டால் உங்களுடையது ஜப்பானியப் படம்தான்.